சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

அன்புள்ள ஐயா,

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. இந்த ஆண்டுத் திருவிழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். பழைய மலர்கள் நான்கு கிடைத்தன. நான்கிலும் "1544-இல் புனித சவேரியார் கட்டிய ஆலயம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன்பின் நேராகப் பங்குத்தந்தையர் பட்டியல். நடுவில் ஒன்றுமே இல்லை.

கோயிலில் மரத்தில் செய்த மிக்கேல் சம்மனசு சுரூபம் (வானதூதர் சிலை) ஒன்று உண்டு. நாலடிக்கு மேல் உயரம். அடிப்பலகையிலிருந்து மாவு கொட்டுகிறது. திருவிழாவுக்குள் எனாமல் அடித்து, இறக்கைக்குத் தங்கக் கலர் கொடுக்க முடிவாகிவிட்டது. பழைய பெரிய பீடத்தை எடுத்துவிட்டு கிரானைட் போடலாம் என்றும் பேச்சு. சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பொரிந்து உதிர்கிறது. அதற்கும் சிமெண்டு பூசப் போகிறார்கள். கோயிலின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலைகளில் எது சரி, எது தப்பு?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயிண்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் அவரைக் குருசடிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் அனுப்புங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். நீங்கள் வரலாற்றையும் மராமத்தையும் இரண்டு கேள்வியாகப் பிரித்திருக்கிறீர்கள். உங்கள் கோயிலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். வரலாறு எழுதத் தேவையான சான்றுகள் எல்லாம் அந்தச் சுவரிலும் பீடத்திலும் சுரூபத்தின் முதுகிலும்தான் இருக்கின்றன. கமிட்டி மூட நினைப்பதும் அவற்றைத்தான்.

சவேரியார் வரியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் இந்தக் கரைக்கு வந்தது கட்டுக்கதை அல்ல. 1544 கடைசியில், நவம்பர் டிசம்பர் மாதங்களில், பூவாறு தொடங்கிப் பள்ளம் வரை முக்குவர் என்ற மீனவர்களின் ஊர்கள் வழியே நடந்தார். 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே சொல்கிறார். ஊரூராக அவர்கள் மொழியிலேயே செபங்களை எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம், பத்துப் பதிமூன்று ஊர். ஊருக்கு இரண்டு மூன்று நாள்தான் வருகிறது. அதற்குள் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் எழுப்ப முடியாது. ஓலைப் பந்தல் போடலாம். "சவேரியார் நடந்த கரை" என்பது உறுதியான வரி. "சவேரியார் கட்டிய கோயில்" என்பது ஆர்வத்தில் எழுதிய வரி. முதல் வரியே போதுமான பெருமை என்பது என் எண்ணம். இரண்டாவதை எழுதினால், நடுவில் உள்ள முந்நூறு நானூறு வருடங்களில் காசு போட்டவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் காணாமல் போய்விடுகிறார்கள்.

கோயிலுக்கு ஒற்றை வயது என்று ஒன்று கிடையாது. சுவருக்கு ஒரு வயது, கூரைக்கு ஒன்று, பீடத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்க வேண்டும்.

கூரையில் மங்களூர் ஓடு இருந்தால், நெகிழ்ந்த ஓடு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும், சிலவற்றில் ஆண்டும். பாசல் மிஷன் என்ற மிஷனரி சங்கம் முதல் ஓட்டு ஆலையை மங்களூரில் தொடங்கியது 1865-இல். ஆகவே அந்தக் கூரை அதற்குப் பிற்பட்டது. ஓட்டின் வயது கூரைக்கு மட்டும்தான். ஓலையோ நாட்டு ஓடோ இருந்த பழைய சுவரின் மேல் பிற்பாடு போட்டதாகவும் இருக்கலாம். இரும்பு உத்தரம் இருந்தால் அதன் இடுப்புப் பட்டையில் ஆலைப் பெயர் புடைத்திருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் மென்காகிதம் வைத்துப் பென்சிலால் தேயுங்கள், எழுத்து எழும்பும். சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே பாருங்கள்: வெட்டுக்கல்லா, செங்கல்லா, கருங்கல்லா? சாந்து வெள்ளையாகவும் நகத்தால் கீறினால் பொடியாகவும் இருந்தால் சுண்ணாம்பு. அதில் சிப்பித் துணுக்குகள் தெரிந்தால் கடற்கரைச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்டு. அந்தச் சுவர் இருபதாம் நூற்றாண்டுக்கு முன் போக வாய்ப்பில்லை. (முட்டையும் கருப்பட்டியும் கலந்து கட்டிய சுவர் என்று எல்லா மலரிலும் எழுதுகிறார்கள். கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பது இங்கே வழக்கம்தான். உங்கள் சுவரில் சேர்த்தார்களா என்பது சாந்தைச் சோதித்தால்தான் தெரியும்.) கூர்மையான ஜன்னல் வளைவைப் பார்த்து மயங்க வேண்டாம். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயில் முழுக்க அந்தப் பாணிதான். அது எழுந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இனி எழுத்து. கல்லறைத் தோட்டம், கொடிமரப் பீடம், வாசற்படி, தீர்த்தத் தொட்டியின் விளிம்பு இங்கெல்லாம் தேடுங்கள். கல்வெட்டின் மேல் மாவோ சாக்பீசோ எண்ணெயோ பூசிப் படிக்காதீர்கள். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவரும், எண்ணெய் கல்லுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். நிழலான இடமென்றால் இரவில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் போதும். தேய்ந்த எழுத்துகூட நிழல் காட்டும்.

இங்கே 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சி. எனவே கல்லிலும் கணக்கிலும் கொல்லம் ஆண்டு வரும். சிங்கத்தில், அதாவது ஆவணியில், ஆண்டு பிறக்கிறது. சிங்கம் முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. கல்லில் ௲௭௰௬ மகரம் என்று இருந்தால் 1076. மகரம் நம் தை. 825 கூட்டினால் 1901 ஜனவரி-பிப்ரவரி. மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் இருந்தால் "1900-01" என்று இரட்டையாகவே எழுதுங்கள். எத்தனையோ மலர்களில் இந்த ஒரு வருடம் சறுக்குவது மாதத்தைக் கவனிக்காததால்தான். இன்னொரு தப்பு, 1076 என்பதை அப்படியே கிறிஸ்து ஆண்டாக எடுத்துக்கொண்டு கோயிலை முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது.

சொற்களுக்கும் வயதுண்டு. பழைய கத்தோலிக்கத் தமிழில் "அர்ச்சியசிஷ்ட", சுருக்கமாக "அர்ச்.", இன்று "புனித". அன்று சேசு, பூசை, சம்மனசு. இன்று இயேசு, திருப்பலி, வானதூதர். மாற்றம் வேகம் பிடித்தது உலக ஆயர்கள் 1962-65-இல் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. "திருப்பலி" என்ற சொல்லும் 1750 என்ற ஆண்டும் ஒரே பலகையில் இருந்தால், பலகை பிற்காலத்தில் வெட்டியது. ஆண்டு உண்மையாக இருக்கலாம், சான்று அந்தப் பலகையல்ல. அதேபோல் ணை, லை, னா, றா ஆகியவை பழைய கொம்பு, சுழி வடிவத்தில் இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. மாவட்டத்தில் ஆண்டும் எழுத்தும் தெளிவாக உள்ள பழைய கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் உதயகிரிக் கோட்டைக்குப் போய்வாருங்கள். குளச்சல் போரில் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டி லனாய் 1777-இல் இறந்தார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று கண் பழகும்.

சுரூபங்களும் தேதி சொல்லும், ஒரு திசையில் மட்டும்: எதற்கு முன் இருக்க முடியாது என்று. வெள்ளை அங்கி, நீல இடைக்கச்சை, காலில் பொன்ரோஜா உள்ள மாதா லூர்து மாதா. காட்சி நடந்தது 1858, அதற்கு முன் அந்தச் சுரூபம் கிடையாது. ரோஜாக்களையும் பாடுபட்ட சுரூபத்தையும் (சிலுவையில் தொங்கும் இயேசு) ஏந்திய குழந்தை தெரேசாள் என்றால் 1925-ஐ ஒட்டியோ பிறகோ. அந்த ஆண்டுதான் அவருக்குப் புனிதர் பட்டம். கிறிஸ்து அரசர் திருவிழாவும் 1925-இல் ஏற்பட்டதே. பாத்திமா மாதா 1917-க்குப் பின். இதயத்திலிருந்து இரு கதிர் பாயும் இறை இரக்கப் படம் முதன்முதலில் வரையப்பட்டது 1934-இல். நம் ஊர்ச் சான்றும் ஒன்று உண்டு. தேவசகாயம் பிள்ளையின் சுரூபத்துக்குக் கீழே "மறைசாட்சி" என்று மட்டும் இருந்தால் அது 2012-க்கு முந்தையதாக இருக்கலாம். "அருளாளர்" (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) என்று இருந்தால் 2012 டிசம்பர் 2-க்கும் 2022 மே 15-க்கும் இடைப்பட்டது. "புனித" என்று இருந்தால் அதற்குப் பிறகு. பின்னால் வரும் ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடச் சுலபமான தேதி கிடைக்காது. அந்தப் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதுசு மாட்டினால் பழசைத் தூக்கிப்போடாமல் வையுங்கள்.

பெயிண்டர் மாற்றிய அடையாளங்களையும் கவனியுங்கள். குழந்தையும் லீலி மலரும் சூசையப்பருக்கும் உண்டு, அந்தோணியாருக்கும் உண்டு. சூசையப்பருக்குத் தாடி, அந்தோணியார் இளைஞர், மழித்த உச்சி, தவிட்டு அங்கி, இடுப்பில் முடிச்சுக் கயிறு. கார்மேல் மாதாவுக்கு உள்ளே தவிட்டு நிறம், மேலே வெள்ளைப் போர்வை, கையில் உத்தரியம் என்ற நாடா கோத்த துணித்துண்டு. கார்மேல் சபைக் குருக்கள் இங்கே நெடுங்காலம் இருந்ததால் அவள் பல கோயில்களில் இருப்பாள். யாரோ ஒருவர் போர்வைக்கு நீலம் அடித்து, கை உத்தரியம் உடைந்துபோனால், ஊர் அவளை வேறு பெயரில் கூப்பிடத் தொடங்கிவிடும். நிறம் மாறினால் பெயரும் மாறும், பெயரோடு நேர்ச்சையும் மாறும்.

உங்கள் மிக்கேலுக்கு வருகிறேன். நாலடிக்கு மேல் உள்ள மரச் சுரூபம் ஒரே கட்டையாக இராது. இறக்கைகளைத் தனியே செதுக்கி முதுகில் வெட்டிய பொருத்துக் குழியில் செருகியிருப்பார்கள். வாளோ ஈட்டியோ பிடித்த முன்கையும் தராசுக் கையும் ஆப்பு வைத்து இணைத்தவையாக இருக்கும். பெரிய சுரூபங்களில் மரம் வெடிக்காமலிருக்க முதுகைக் குடைந்து பலகை வைத்து மூடுவதும் உண்டு. இறக்கை தானாகக் கழன்று வருமானால் (நெம்பக் கூடாது) அந்தக் குழியின் உதட்டைப் பாருங்கள். எந்தப் பெயிண்டரின் பிரஷும் போகாத இடம் அது. முதல் வர்ணம் அங்கே மிஞ்சியிருக்கும், வெறும் மரமும் தெரியும். பலாவா தேக்கா அயனியா என்று ஊரில் ஒரு மூத்த ஆசாரி சொல்லிவிடுவார்.

பழைய முறையில் மரத்தின் மேல் முதலில் வச்சிரப் பசை. அதன் மேல் பசையில் குழைத்த வெள்ளைச் சுண்ணப் பூச்சு, பல தடவை, வழவழப்பாகும் வரை தேய்த்து. பொன் வேண்டிய இடத்தில் செங்காவி மண் பூச்சு, அதன்மேல் பொன்ரேக்கு. சில இடங்களில் பொன்மேல் வர்ணம் தீட்டி, கூர்மையான குச்சியால் சுரண்டிப் பூவேலையாகப் பொன்னை வெளிக்கொணர்ந்திருப்பார்கள். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் வர்ணம் உடைந்த ஓரத்தைப் பாருங்கள். மரவளையம் போல அடுக்கு தெரியும்: மேலே பளபளக்கும் எனாமல்கள், நடுவில் அழுக்குக் கோடு, கீழே வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேலே சிவப்பும் மஞ்சள் மினுக்கும் தெரிந்தால், கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு லென்ஸை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வாதத்தைவிட அது வேகமாக வேலை செய்யும்.

எனாமல் ஏன் கூடாது? ரசனைக் கேள்வியே இல்லை இது. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. மரம் ஈரத்தில் உப்பும், தையிலும் மாசியிலும் சுருங்கும். பசைச் சுண்ணம் அதோடு ஓரளவு அசையும். எனாமல் அசையாத தோல். மரம் சுருங்கும்போது அது விறைத்து நிற்கும், பிறகு உரிந்து விழும். விழும்போது அடியிலிருக்கும் பழைய வர்ணத்தையும் பொன்னையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். அடிக்கும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், அதிலேயே பாதி போய்விடும். தங்கக் கலர் என்று டப்பாவில் வருவது பித்தளைத் தூள். கடற்காற்றில் சில ஆண்டுகளில் பாசிப் பச்சையும் தவிடுமாகக் கறுக்கும். பொன்ரேக்கு கறுக்காது, அழுக்குத்தான் படியும். மங்கிப் போனது போல் தெரிகிற இறக்கையில் ரேக்கே இருக்கலாம்.

மாவு கொட்டுவது வண்டு குடைவதால். அந்த வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பழைய துளையிலிருந்து தூள் உதிர்கிறதா என்பதுதான் கேள்வி. சுரூபத்தை மற்ற மரச்சாமான்களிலிருந்து விலக்கி வையுங்கள். மென்பிரஷால் தூளைத் தட்டிச் சுத்தமாக்கி, அடியில் கறுப்புச் சார்ட் தாள் விரித்து, தேதி எழுதி, பதினைந்து நாள் தொடாமல் விடுங்கள். துளைக்கு நேர் கீழே சின்னச் சின்னக் குவியலாக வெளிறிய புதுத் தூள் சேர்ந்தால் வண்டு இருக்கிறது. தூளே இல்லாவிட்டால் அவசரமில்லை. மண் குழாய் ஏறியிருந்தால் அது கரையான். சுரூபத்தில் அல்ல, தரையில்தான் வைத்தியம். மண்ணெண்ணெய் ஊற்றுவது, டீசல் தடவுவது, வேப்பெண்ணெய் பூசுவது மூன்றும் வேண்டாம். வண்டு உள்ளே அரை அங்குல ஆழத்தில் இருக்கும், எண்ணெய் மேல் வர்ணத்தைத்தான் கரைக்கும். வல்லுநர்கள் சுரூபத்தைக் காற்றுப் புகாத உறையில் வைத்து, பிராணவாயுவை உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு மூன்று நான்கு வாரம் அடைத்து வைப்பார்கள். வண்டும் முட்டையும் மூச்சுத் திணறிச் சாகும், வர்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புக் கூடம் உண்டு. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் பெங்களூரில் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் படங்களோடு கடிதம் எழுதுங்கள். பத்து மெகாபிக்சல் போன் போதும்.

திருவிழாவுக்குத் தேரில் ஏற்ற ஒரு மிக்கேல் வேண்டுமே என்பார்கள். புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். பழையவர் பீடத்தில் இருக்கட்டும். தேரின் குலுக்கலில் ஆப்பு தளரும், வெயிலில் வர்ணம் வெடிக்கும், பூமாலையின் ஈரம் தோளில் நிற்கும், நோட்டு குத்தும் ஊசி சுண்ணத்தைத் துளைக்கும். மெழுகுதிரியையும் பல்பையும் இரண்டு கை தூரமாவது தள்ளி வையுங்கள். பிரான்சு நாட்டு மாதிரியில் வார்த்த பிளாஸ்டர் சுரூபங்கள் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு வேறு நோய். விரலுக்குள் வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து விரலை உடைக்கும். ஈரத்துணியால்கூடத் துடைக்கக் கூடாது, பிளாஸ்டர் நீரில் இளகும். பின்பக்க அடியில் புடைப்பெழுத்தில் பட்டறைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பீடம். முன்பு குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்தார். பீடம் சுவரோடு ஒட்டியிருந்தது, நடுவில் நற்கருணைப் பேழை, இருபுறமும் திரி வைக்கும் படிகள், மேலே மாடங்கள். வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குரு மக்களைப் பார்த்து நிற்கத் தொடங்கியதும் முன்னால் தனிப் பீடம் தேவைப்பட்டது. பழையதை இடிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் வரவில்லை. வந்ததெல்லாம் எதிர்த் திசையில்தான். அந்தச் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 126-ஆம் எண், மதிப்புள்ள கோயில் பொருள்கள் கைமாறிப் போகாமலும் சிதறாமலும் பார்க்க வேண்டியது ஆயரின் கடமை என்கிறது. 1983 திருச்சபைச் சட்டத்தின் 1189-ஆம் எண், பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ சிறப்புற்ற படிமத்தைப் பழுதுபார்க்க ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும் என்றும், அனுமதி கொடுக்கும் முன் ஆயர் வல்லுநரைக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1292-இன்படி கலைமதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள பொருளையும், நேர்ச்சையாக வந்த பொருளையும் விற்க ரோமாபுரியின் உத்தரவே வேண்டும். இந்த மூன்று எண்களையும் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். பங்குத்தந்தைக்கு எதிராகப் பேசுவதாக ஆகாது, அவருக்குத்தான் பலம். இந்திய அரசின் 1972 தொல்பொருள் சட்டமும் இருக்கிறது: நூறு வருடம் தாண்டிய சிற்பமும் கலைப்பொருளும் தொல்பொருள், "பழைய மரம்தானே" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்ப முடியாது. தந்தத்தில் பாடுபட்ட சுரூபம் இருந்தால் அதை விற்பதே குற்றம். (தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்கும் வலைக்கோடு தெரியும், எலும்பில் நுண்ணிய கரும்புள்ளி.) கிரானைட் வேண்டுமென்றால் முன்பீடத்துக்குப் போடுங்கள். மயிலாடியில் நல்ல கல்தச்சர்கள் இருக்கிறார்கள். பாலிஷ் பலகை ஒட்டுவதைவிடக் கையால் கொத்திய கல் அங்கே பொருந்தும்.

சுவர் உப்புக்குச் சிமெண்டு மருந்தல்ல. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறுகிறது, உப்பைக் கரைத்துக்கொண்டே ஏறுகிறது. வெளியே வந்து காயும் இடத்தில் உப்பு பளிங்காக விளைந்து பூச்சைத் தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். சிமெண்டு மூன்றடிக்கு அடைத்தால் ஈரம் நாலாவது அடியில் போய் வெளியேறும். அடுத்த வருடம் ஐந்தடிக்குச் சிமெண்டு கேட்பார்கள். முதலில் வெளியே பாருங்கள்: கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, முற்றத்தில் கான்கிரீட் போட்டு ஈரத்தைச் சுவருக்குத் திருப்பிவிட்டார்களா? அதைச் சரிசெய்து, இருக்கிற சிமெண்டையும் எமல்ஷனையும் எடுத்து, தை முதல் பங்குனி வரை காயவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி வாரி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் மறுபடி உள்ளே போகும். பிறகு ஊறிய காகிதக் கூழை விரல் கனம் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பு அதில் ஏறி வரும். இரண்டு மூன்று தடவை செய்யலாம். பூச்சுக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் சேர்த்தால் உப்பை நீங்களே வைத்துப் பூசுகிறீர்கள். சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறப்போடுங்கள்; நீறாத கட்டி சுவரில் ஏறினால் பிறகு அம்மைக் கொப்புளம் போல வெடிக்கும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. வேகமாகக் காயாமல் ஈரச் சாக்கு கட்டுங்கள். பழைய சுவரில் வெள்ளையடிப்பின் கீழ் வர்ணக் கோடோ பூக்கொடியோ தெரிந்தால் அந்த இடத்தில் கைவைக்காமல் நிறுத்துங்கள்.

மணியை மறந்துவிடாதீர்கள். ஏறி, தோள்பட்டையைச் சுற்றியுள்ள எழுத்தை நகலெடுங்கள்: வார்த்தவர், ஊர், ஆண்டு, சிலசமயம் காணிக்கை தந்தவர். வாயின் குறுக்களவை அளந்தால் எடையும் ஏறக்குறையத் தெரியும். ஒரு மீட்டர் வாய் என்றால் சுமார் 600 கிலோ, 60 செ.மீ. என்றால் 130 கிலோ பக்கம். புளி போட்டு விளக்காதீர்கள். வெள்ளிப் பூசைப் பாத்திரங்களுக்கும் அதே சொல்: விளக்க விளக்க அடியில் வெட்டிய ஆண்டுதான் முதலில் தேயும்.

காகிதங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஞானஸ்நானப் பதிவேடு தொடங்கும் ஆண்டு ஊர் கிறிஸ்தவமான ஆண்டு அல்ல, உங்கள் ஊர் தனிப் பங்கான ஆண்டாக இருக்கலாம். அதற்கு முன் கிளைப்பங்காக இருந்த காலத்துப் பதிவுகள் தாய்ப் பங்கில் இருக்கும். மீன் வருமானத்திலிருந்து கோயிலுக்குப் பிடித்த குத்தகைக் கணக்கு எங்காவது அலமாரியில் கிடந்தால் அது பொன். எந்த வருடம் எதற்காகக் கூடுதலாகப் பிடித்தார்கள் என்று பாருங்கள். கூரையும் மணியும் தேரும் அங்கே வரும். கோட்டாறு மறைமாவட்டம் கொல்லத்திலிருந்து பிரிந்தது 1930-இல். ஆகவே அதற்கு முந்தைய கடிதங்களைக் கொல்லத்திலும் கொச்சியிலும் தேடுங்கள். இயேசு சபைக் குருக்கள் பற்றியென்றால் கொடைக்கானல் செண்பகனூர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பதிவேட்டைப் படம் எடுங்கள், லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். படித்ததையெல்லாம் அச்சிடவும் வேண்டாம். அதில் தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகள் இருக்கும், அவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவில் இருப்பார்கள்.

எழுதத் தொடங்கும் முன் பொருள் பட்டியல் ஒன்று. திருச்சபைச் சட்டம் 1283 அதைக் கேட்கவும் செய்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எண், பெயர், என்ன பொருளில் ஆனது, உயரம் அகலம் ஆழம் செ.மீ.இல், எங்கே நிற்கிறது, என்ன எழுதியிருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, கடைசியாக யார் எப்போது வர்ணம் அடித்தார்கள். படம் ஆறு: முன், பின், இரு பக்கம், அடி, சேதம். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். எண்ணைப் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள், ஒட்டவோ எழுதவோ வேண்டாம். ஒருவர் அளக்க ஒருவர் எழுத, மூன்று நான்கு நாள் வேலை. ஒரு படி பங்கில், ஒரு படி ஆயர் இல்லத்தில், ஒரு படி ஊருக்கு வெளியே. இந்தப் பட்டியலை மலரில் போடாதீர்கள். வெள்ளியும் தந்தமும் எந்த அறையில் என்று திருடனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலருக்கான முதல் பத்தி இப்படி வரலாம்: "1544 இறுதியில் சவேரியார் இந்தக் கரையோரம் நடந்தார். இப்போதைய கோயிலின் சுவர் வெட்டுக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும். கூரை ஓட்டில் இன்ன ஆலையின் முத்திரை, ஆகவே 1865-க்குப் பின். மணி இன்ன ஆண்டு வார்த்தது. பீடம் இன்ன மரம். மிக்கேல் சம்மனசுக்கு இதுவரை இத்தனை தடவை வர்ணம் அடித்திருக்கிறோம், அடியில் பொன் இருக்கிறது." விடுபட்ட இடங்களை நீங்கள் அளந்து நிரப்புங்கள். ஆசாரி, கொத்தன், காணிக்கை தந்த வள்ளக்காரர் என்று பெயர் கிடைத்தவர்களை அடுத்த பக்கத்தில் போடுங்கள். பங்குத்தந்தையர் பட்டியல் அதற்குப் பின்னால் வரட்டும்.